பயோனெட்டுக்கு என்ன சொல் போடுவது? வேல், ஈட்டி, சவளம், செருகீட்டி

ஆங்கில ஆயுதப் பெயர்களுக்குத் தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். அவற்றில் ஒன்றான, துப்பாக்கிக் குழாயின் நுனியில் மாட்டிக் குத்துகிற பயோனெட்டுக்குத் 'துப்பாக்கிமுனைக் கத்தி' என்று போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். எனக்கு அது ஒப்பவில்லை. தமிழில் 'துப்பாக்கி முனையில்' என்பதற்கு வேறொரு பொருள் ஊறிப்போய்விட்டது. 'துப்பாக்கி முனையில் நகை பறிப்பு' என்று நாளிதழில் படிக்கிற யாரும் அங்கே கத்தி ஒன்று இருந்ததாக நினைக்க மாட்டார்கள். அப்புறம், அந்த ஆயுதம் எல்லாக் காலத்திலும் கத்தியாக இருந்ததும் இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் காலாட்படைகள் சுமந்துகொண்டு திரிந்தது பெரும்பாலும் மூன்று பட்டையாகக் கூம்பிப்போகும் ஓர் இரும்பு முள்தான், அதை வைத்து ஒரு கயிறைக்கூட ஒழுங்காக அறுக்க முடியாது, குத்த மட்டும்தான் முடியும்.

'எஃகம்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான சொல், மறுக்கவில்லை. ஆனால் நிகண்டைத் திறந்து வேலுக்கு வரிசையாக இருக்கிற எஃகம், அயில், ஞாங்கர், குந்தம், உடம்பிடி எல்லாவற்றையும் எடுத்து ஆங்கிலத்தில் இருக்கிற ஈட்டி வகை ஒவ்வொன்றுக்கும் ஒன்றாகப் பங்கு வைப்பது சீட்டுக் குலுக்கிப் போடுவது மாதிரி ஆகிவிடும். லேன்ஸுக்கு (குதிரைவீரன் ஈட்டி) ஏன் ஞாங்கர், பைக்குக்கு (காலாட்படையின் மிக நீண்ட ஈட்டி) ஏன் அயில் என்று யாராவது கேட்டால் சொல்ல நம்மிடம் பதில் இருக்காது. நிகண்டு செய்யுள் எழுதுகிறவருக்காகத் தொகுத்தது, எதுகைக்கும் மோனைக்கும் மாற்றுச் சொல் வேண்டும் என்பதுதான் அதன் கவலை. ஆயுதத்தைக் கையில் பிடித்தவன் அப்படி ஒன்றாகப் பார்த்திருக்க மாட்டான். சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதையில் மதுரைக் கோட்டை மதிலின் பொறிகளையும் படைக்கலங்களையும் அடுக்கும் இடத்தைப் பாருங்கள்: 'கோலும் குந்தமும் வேலும்' என்று மூன்றும் தனித்தனியாக வருகின்றன. உரையில் கோலுக்கு விட்டேறு (எறியும் ஆயுதம்) என்றும் குந்தத்துக்குச் சிறுசவளம் (சவளம் ஒருவகை ஈட்டி) என்றும் பொருள் பிரித்திருக்கிறார்கள். நிகண்டில் ஒரே பொருளாகக் கிடக்கிற குந்தமும் வேலும் மதில்மேல் வேறுவேறு பொருளாக இருந்திருக்கின்றன. நமக்கு வேண்டியது இந்தப் பிரிவினைதான்.

அதனால் கை என்ன செய்கிறது என்று பார்த்துப் பிரிப்போம் என்பது என் கட்சி. எறிவது ஒன்று. நின்ற இடத்தில் குத்துவது ஒன்று. குதிரைமேல் உட்கார்ந்து, அக்குளில் இடுக்கி, குதிரையின் வேகத்தையே குத்தாக மாற்றுவது ஒன்று. நூற்றுக்கணக்கான பேர் நெருக்கி நின்று வரிசையாக நீட்டிக்கொண்டு குதிரைப்படையை மறிப்பது இன்னொன்று.

இதில் 'வேல்' எதற்கும் கறாராக ஒட்டாது. கைவேலை யானைமேல் எறிந்துவிட்டு, தன் உடம்பில் தைத்த வேலைப் பறித்துச் சிரிப்பவனைக் குறளில் (774) பார்க்கிறோம். ஔவையாரின் புறநானூற்றுப் பாட்டில் (95) அதியமானின் வேல்கள் 'பகைவர்க் குத்திக் கோடுநுதி சிதைந்து' கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன. எறியவும் செய்கிறார்கள், குத்தவும் செய்கிறார்கள். அதைவிடப் பெரிய சங்கடம், இன்றைக்கு வேல் என்றதும் முருகன் வந்து நின்றுவிடுகிறார். ரோமானியப் படைவீரன் கையில் வேலைக் கொடுத்து எழுதிப் பாருங்கள், அடுத்த வரியில் காவடி வந்துவிடுமோ என்று தோன்றும்.

'ஈட்டி'க்கு அந்தச் சங்கடம் இல்லை. பழைய விவிலிய மொழிபெயர்ப்பில் சிலுவையில் இயேசுவின் விலாவில் குத்தியதும் ஈட்டிதான், சவுல் தாவீதின்மேல் எறிந்ததும் ஈட்டிதான். விளையாட்டில் 'ஈட்டி எறிதல்' என்று நிலைத்துவிட்டது. 2021-இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா 87.58 மீட்டர் எறிந்து தங்கம் வாங்கியதற்குப் பிறகு அதை யாரும் மாற்றப் போவதும் இல்லை. ஆகவே ஸ்பியருக்குப் பொதுச்சொல்லாக ஈட்டியை வைத்துக்கொண்டு முன்னொட்டால் பிரிக்கலாம்: ஜாவ்லினுக்கு எறியீட்டி (விளையாட்டில் ஈட்டி என்றே இருக்கட்டும்), கைவிடாமல் குத்துவதற்குக் குத்தீட்டி, லேன்ஸுக்குக் குதிரையீட்டி. குத்தீட்டி ஏற்கெனவே புழங்குகிற சொல். வேல்கம்பு, வல்லயம், சுளுக்கி எல்லாம் நம் ஊர்ப் பொருள்களின் பெயர்கள், அவற்றை அப்படியே விட்டுவிடலாம். கருப்பசாமி கோயில் வல்லயத்தைப் பிடுங்கி சுவிஸ் கூலிப்படைக்காரன் கையில் கொடுக்க வேண்டியதில்லை.

அந்த சுவிஸ்காரன் பிடித்திருந்த பைக்தான் மிச்சம். அது ஐந்து மீட்டர் வரை போகும், தனி ஆளாகப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒன்றுக்கும் உதவாது. இதற்குச் 'சவளம்' போடலாம் என்கிறேன். உரையில் 'சிறுசவளம்' என்று ஒன்று இருந்தால் சிறியதல்லாத ஒன்றும் இருந்திருக்க வேண்டும். சொல்மேல் முருகனும் இல்லை, ஒலிம்பிக்கும் இல்லை. நெடுவேல் என்று போடலாமே என்று கேட்பீர்கள், ஆனால் நெடுவேள், நெடுவேல் என்று படித்த உடனே மறுபடியும் திருப்பரங்குன்றத்துக்குப் போய்விடுவோம்.

சரி, பயோனெட். இதன் வரலாறே சொல்லைக் கொடுத்துவிடுகிறது. 17-ஆம் நூற்றாண்டில் முதலில் வந்தவை துப்பாக்கிக் குழாயின் வாய்க்குள்ளேயே பிடியைச் செருகுகிற வகை. செருகிவிட்டால் சுட முடியாது. 1689-இல் ஸ்காட்லாந்தில் கில்லிகிராங்கி என்ற இடத்தில் மலைநாட்டார் வாளோடு சரிவில் ஓடிவந்தபோது, அவர்களை எதிர்த்த அரசுப் படையின் ஜெனரல் மக்காயின் ஆட்கள் ஒருமுறை சுட்டுவிட்டு, செருகி முடிப்பதற்குள் வெட்டுப்பட்டார்கள். அதற்கப்புறம் குழாயின் வெளிப்பக்கம் வளையமாக மாட்டித் திருகும் வகை பரவியது. மாட்டியபடியே சுடலாம், சுட்டபடியே குத்தலாம். துப்பாக்கிக்காரனே சவளக்காரனாகவும் ஆகிவிட்டதால், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மேற்கு ஐரோப்பியப் படைகளில் சவளம் கிட்டத்தட்ட ஒழிந்துபோனது.

ஆக, அது துப்பாக்கியை ஈட்டியாக்குகிற பொருள், செருகி ஆக்குகிற பொருள். 'செருகீட்டி' என்று சொல்லலாம். முள்ளாக இருந்தாலும் பொருந்தும், இன்றைய கத்தி வடிவத்துக்கும் பொருந்தும். பின்னால் வந்தது செருகுவதில்லையே, மாட்டுவதுதானே என்று ஒருவர் கேட்கக்கூடும். உண்மைதான், ஆனால் கணினியில் செருகுநிரல் என்று எழுதுகிறோமே, அங்கே எதை எந்தத் துளையில் செருகுகிறோம்? இலங்கை நண்பர் சொன்ன 'துவக்கீட்டி'யும் எனக்குப் பிடித்தது. அங்கே துவக்கு என்றால் துப்பாக்கி, யாருக்கும் விளக்க வேண்டாம். தமிழ்நாட்டில் படிப்பவர் மட்டும் எதையோ துவக்கி வைக்கிற ஈட்டி என்று குழம்புவார். ராணுவக் கட்டளையாகவும் சொல் நிற்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 'செருகீட்டி மாட்டு!' என்று அணிவகுப்பில் கத்த முடியும். 'துப்பாக்கிமுனைக் கத்தியைப் பொருத்துக' என்று கத்தி முடிப்பதற்குள் கில்லிகிராங்கி கதைதான்.

உறுப்புகளின் பெயர்களுக்கு அலைய வேண்டியதில்லை. முனைக்கு நுதி, தண்டுக்குக் காழ், ரெண்டும் அந்த ஔவையார் பாட்டிலேயே இருக்கின்றன. இரும்புப் பகுதிக்கு விவிலியத்தில் கோலியாத்தின் ஈட்டிக்குச் சொல்கிற 'அலகு' போதும். காழ் என்றால் விதை என்று நினைப்பார்கள் என்று பயந்தால் தண்டு என்றே எழுதலாம், எனக்குப் பிடிவாதம் இல்லை.

ஹார்பூனுக்கு (கயிறு கட்டி மீன்மேல் எறியும் ஈட்டி) மட்டும் நானாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. கடலோரத்தில் அதை 'மண்டா' என்பார்கள். அதையே எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன், மீன்பிடித் தொழில் தெரிந்தவர்கள் வடிவத்தையும் கயிறு கட்டும் முறையையும் பார்த்துச் சரியா என்று சொல்லட்டும். மற்றவற்றுக்கு மறுப்பு இருப்பவர்கள் மாற்றுச் சொல்லை மட்டும் அனுப்பாமல், அதை வைத்துப் போர்க்களக் காட்சி ஒன்றை ரெண்டு வாக்கியத்தில் எழுதியும் அனுப்புங்கள்.