மாக் 1.3க்குக் (ஒலியின்ரை வேகத்திலை 1.3 மடங்கு) கீழை எல்லைப்படை (சுவரோடை ஒட்டி மந்தமாய் ஓடுற காற்று) சுவரை விட்டுப் பிரியாதாம்! ஒலியை மிஞ்சிப் பறக்கிற விமானத்தின்ரை இன்ரேக்குக்கு (எஞ்சினுக்குக் காற்று எடுக்கிற வாய்) ப்ளீட் துளை (எல்லைப்படையை உறிஞ்சி வெளியேத்துற துளை) வேணுமோ, வேண்டாமோ?

கொட்டாஞ்சேனைக் கூம்பு:
நேற்று ஒருவர் இங்கை எழுதினது: "கடைசி நேர் ஷொக்குக்கு (ஓட்டத்துக்கு நேர்குறுக்காய் நிண்டு, காற்றைச் சட்டெண்டு மெதுவாக்கி அழுத்தத்தை ஏத்துற அதிர்ச்சி அலை) முன்னாலை வேகத்தை மாக் 1.3க்குள்ளை வைச்சால் எல்லைப்படை பிரியாது. ப்ளீட் துளை பழங்காலத்து வேலை, துளை இல்லாத எஃப்-35 போர்விமானத்தைப் பாருங்கோ." வாசிச்ச எரிச்சல் இன்னும் அடங்கேல்லை. 1.3 எண்டது தட்டைச் சுவரிலை, கொந்தளிப்பான எல்லைப்படைக்கு வாற எண். பெட்டி வடிவ இன்ரேக்குக்கு நாலு மூலை இருக்கு. மூலையிலை ரெண்டு சுவரின்ரை மந்தக் காற்றும் சேரும். நடுச்சுவரிலை ஒட்டியிருக்கேக்கையே மூலை பிரிஞ்சிடும்.

மாக்2:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லப் பயமோ? 1.3இலை ஷொக் அழுத்தத்தை 1.8 மடங்குதான் ஏத்துது, மொத்த அழுத்த இழப்பு வெறும் 2 வீதம். 1.5 எண்டால் 2.46 மடங்கு, இழப்பு 7 வீதம். அதுக்குத்தானே முன்னாலை சாய்வு ஷொக் (சரிஞ்சு நிக்கிற மெலிஞ்ச அதிர்ச்சி அலை) வைச்சுக் குறைச்சுக் கொண்டு வாறம். 1.3 எண்டால் 1.3.

கொட்டாஞ்சேனைக் கூம்பு:
ஷொக்கோடை கதை முடியுதோ? பின்னாலை டிஃபியூசரிலையும் (காற்றை இன்னும் மெதுவாக்குற, விரியிற குழாய்) அழுத்தம் ஏறிக்கொண்டுதான் போகும். ஷொக்கிலை தப்பின களைச்ச எல்லைப்படை அங்கை பிரியும், எஞ்சின் முகத்திலை அழுத்தம் சீரில்லாமல் போகும், கம்பிரசர் (எஞ்சினிலை காற்றை அமுக்குற பகுதி) சேர்ஜ் பண்ணும், அதாவது ஓட்டம் குலைஞ்சு பின்னுக்கு அடிக்கும். கொன்கோர்ட் பயணிகள் விமானம் மாக் 2 காற்றை ஏறக்குறைய 3.5 மீற்றருக்குள்ளை மாக் 0.5க்கு இறக்கினது. இன்ரேக்குக்குள்ளை முன் சாய்தட்டுக்கும் (காற்றை மெதுவாக்குற சாய்வான தட்டு) பின் சாய்தட்டுக்கும் நடுவிலை இடைவெளி விட்டு எல்லைப்படையை உறிஞ்சினது அழகுக்கோ? எஃப்-35 மாக் 1.6 விமானம். அதின்ரை இன்ரேக் வாயிலை இருக்கிற புடைப்பு, உடலிலை வளர்ந்த எல்லைப்படையைப் பக்கத்துக்குத் தள்ளுது. மாக் 2க்கு அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதேங்கோ.

வெள்ளவத்தை வேன்:
துளையை விட்டால் வேறை வழியே இல்லையோ? உறிஞ்சின காற்று உந்தத்தை இழந்துதான் வெளியிலை போகுது, அது முழுக்க இழுவை. எல்லைப்படைத் தடிப்பிலை 40 வீத உயரத்துக்கு நுண் ஆப்புகளை ஷொக்குக்கு முன்னாலை வரிசையாய் ஒட்டுங்கோ. அதிலை எழும்புற சோடிச் சுழல் மேலையிருக்கிற வேகக் காற்றைச் சுவருக்கு இறக்கும்.

கொட்டாஞ்சேனைக் கூம்பு:
இறக்கும், ஆனால் பிரிவைத் துண்டு துண்டாய் உடைக்குமே தவிர இல்லாமல் செய்யாது. ஒரு ஆப்பு கழண்டால் நேரே கம்பிரசருக்குள்ளை. துளையைத் திட்டுற ஆக்கள் அதைச் சரியாய்ப் போடப் பழகேல்லை. விட்டம் ஏறக்குறைய எல்லைப்படையின்ரை இடப்பெயர்ச்சித் தடிப்பளவு (மந்தக் காற்று வெளி ஓட்டத்தைச் சுவரிலையிருந்து தள்ளி வைக்கிற தூரம்) இருக்க வேணும். ஷொக்குக்கு முன் துளைக்கும் பின் துளைக்கும் கீழை ஒரே அறையை வைக்கக் கூடாது. பின்பக்கத்திலை அழுத்தம் அதிகம் எண்டதாலை காற்று அறைக்குள்ளாலை சுத்தி முன் துளையாலை மேலை வரும், எல்லைப்படை இன்னும் தடிக்கும். அறையைப் பிரிச்சு, தனித்தனி வழியாலை வெளியேத்துங்கோ.

கட்டுநாயக்க வானம்:
கிபிர் போர்விமானத்தின்ரை இன்ரேக்கும் உடலோடை ஒட்டாமல் இடைவெளி விட்டுத்தானே இருக்கு? அது போதாதோ?

வெள்ளவத்தை வேன்:
கிபிரை இழுக்காதேங்கோ. போர்க்காலத்திலை கேட்ட அந்தச் சத்தம் மறக்காத ஆக்கள் இங்கை இருக்கினம்.

கட்டுநாயக்க வானம்:
தொழில்நுட்பம்தான் கேட்டனான், அரசியல் இல்லை. போன முறை மிக்-27 எண்டு தொடங்கினதுக்கும் இப்படித்தான் பாய்ஞ்சனியள்.

கொட்டாஞ்சேனைக் கூம்பு:
தம்பி, அந்த இடைவெளி உடலிலை வளர்ந்த எல்லைப்படைக்கு. இன்ரேக் வாயிலை இருக்கிற கூம்பிலையும் உள்சுவரிலையும் புதுசாய் வளர்றதுக்கு அது ஒண்டும் செய்யாது. மிக்-27ஐயும் விடுங்கோ, தரைத்தாக்குதலுக்கெண்டு மிக்-23இன்ரை அசையும் சாய்தட்டை எடுத்துப்போட்டு நிலையான இன்ரேக் வைச்சது அது.

மாக்2:
மூலை, மூலை எண்டு நிக்கிறியள். ஸ்பலார்ட்-அல்மராஸ் மொடலிலை (கொந்தளிப்பைக் கணிக்கிற ஒரு கணினிக் கணக்குமுறை) ஓட்டினால் மூலைப் பிரிவு உள்ளதை விடப் பெரிசாய்த்தான் தெரியும். கணினி நிறப்படத்தைப் பார்த்துப் பயப்பிடுறியள்.

கொட்டாஞ்சேனைக் கூம்பு:
காற்றுச் சுரங்கத்திலை சுவருக்கு எண்ணெய் பூசி ஓட்டிப் பாருங்கோ. மூலையிலை எண்ணெய் பின்னோக்கி இழுபட்டு, ஒரு கோட்டிலை குவிஞ்சு நிக்கும். எண்ணெய்க்கு மொடல் தெரியாது. இன்னொண்டு, உங்கடை 1.3 நிலையாய் நிக்குமோ? எஞ்சின் கூடக் காற்றுக் கேட்டால் ஷொக் தொண்டைக்குப் (இன்ரேக்கின்ரை ஆக ஒடுங்கின இடம்) பின்னாலை விரியிற பகுதிக்கு இறங்கும். அங்கை மாக் 1.4 எண்டால் அழுத்தம் 2.12 மடங்கு. துளை இல்லாட்டி எல்லைப்படை எதைப் பிடிச்சு நிக்கும்?

மாக்2:
அப்ப பைபாஸ் கதவையும் (மிஞ்சின காற்றை எஞ்சினுக்குப் போகாமல் வெளியிலை விடுற கதவு) சாய்தட்டையும் ஒழுங்காய்க் கட்டுப்படுத்தி ஷொக்கை இடத்திலை வையுங்கோ. கட்டுப்பாடு பிழைச்சதுக்குச் சுவரிலை துளை போடுறதோ? 1.3 எண்டால் 1.3தான்.