எர்லி டிசிஷன்: முன்முடிவா, முன்விண்ணப்பமா, வேறு ஏதாவதா?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கை பற்றிப் பெற்றோருக்காகத் தயாராகும் கையேட்டில் எர்லி டிசிஷனுக்கு (இடம் தந்தால் சேர்ந்தே தீருவேன் என்று ஒரே கல்லூரிக்கு முன்கூட்டி விண்ணப்பிப்பது) “முன்முடிவு” என்று இருக்கிறது. இதை மாற்றியாக வேண்டும். விசாரிக்காமலே மனத்தில் முடிவுகட்டிக்கொள்வதைத்தான் தமிழில் முன்முடிவு என்கிறோம். “பிரவுன் பல்கலைக்கழகத்துக்கு முன்முடிவோடு விண்ணப்பித்தாள்” என்றால் அந்தப் பெண்ணைப் பற்றி என்ன நினைப்பார்கள்? “ஈடி” என்று சுருக்கவும் வழியில்லை. தமிழ்நாட்டில் வீட்டுக்கு ஈடி வந்தது என்றால் அது அமலாக்கத் துறை.

என் பரிந்துரை: எர்லி டிசிஷன் = கட்டுறு முன்விண்ணப்பம்; எர்லி ஆக்‌ஷன் (சேர்ந்தாக வேண்டும் என்ற கட்டு இல்லாமல் முன்கூட்டி விண்ணப்பிப்பது) = கட்டிலா முன்விண்ணப்பம்.

மறு:

> கட்டிலா முன்விண்ணப்பம்

கட்டிலா, மெத்தையா என்று கேட்பார்கள். “கட்டற்ற மென்பொருள்” ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. “கட்டற்ற” என்றே வைக்கலாமே.

மறு:

“முன்விண்ணப்பம்” எனக்கு உறுத்துகிறது. விண்ணப்பத்துக்கு முன்னால் நிரப்பும் ஏதோ ஒரு படிவம் போல ஒலிக்கிறது. விதைப்புப் பருவத்துக்கு உழவர்கள் சொல்லும் முன்பட்டம், பின்பட்டம் அழகாகப் பொருந்தும். ஆனால் கல்லூரிப் பேச்சில் பட்டம் என்றால் டிகிரிதான். போகட்டும். கலந்தாய்வு பார்த்த எந்தப் பெற்றோருக்கும் “சுற்று” தெரியும். முன்சுற்று, வழக்கமான விண்ணப்பத்துக்குப் பொதுச்சுற்று என்று வைத்தால் என்ன?

மறு:

சுற்று சரி. “முன்” தேவையா என்பதுதான் என் கேள்வி. நடைமுறையைப் பார்த்துவிட்டுச் சொல்லைத் தேடுவோம்.

எர்லி டிசிஷனின் கடைசி நாள் பெரும்பாலும் நவம்பர் 1 அல்லது 15. பதில் டிசம்பர் நடுவில். எர்லி ஆக்‌ஷனுக்கும் ஏறக்குறைய இதே நாட்கள்தான். ஆக, “முன்” இரண்டையும் பிரித்துக் காட்டாது. மேலும், வாண்டர்பில்ட், எமரி, டஃப்ட்ஸ் போன்ற பல்கலைக்கழகங்கள் எர்லி டிசிஷனை இரண்டாம் முறையும் நடத்துகின்றன. வாண்டர்பில்ட்டில் அதற்கும் பொதுச்சுற்றுக்கும் ஒரே கடைசி நாள், ஜனவரி 1. அதில் “எர்லி” என்ன இருக்கிறது? பதில் பிப்ரவரியில் வந்துவிடும், அவ்வளவுதான்.

பிரித்துக் காட்டுவது கையெழுத்து. பல கல்லூரிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க உதவும் காமன் ஆப் தளத்தில் எர்லி டிசிஷனைத் தேர்ந்தால், பரிந்துரையாளர் பகுதியில் தனியாக ஒரு படிவம் திறக்கும். மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் அதில் ஒப்பமிட வேண்டும். இடம் கிடைத்தால் சேர்ந்தே தீருவேன், மற்ற விண்ணப்பங்களை எல்லாம் திரும்பப் பெறுவேன் என்பது அதன் சாரம். ஒரு நேரத்தில் ஒரு கல்லூரிக்குத்தான் இப்படிச் சொல்ல முடியும். நிச்சயதாம்பூலத்தோடு ஒப்பிடத் தோன்றும். ஆனால் அங்கே இரு வீட்டாரும் தட்டு மாற்றுகிறார்கள். இங்கே எதிர்வீட்டார் வாயைத் திறக்கும் முன்பே நம் பக்கம் வாக்குக் கொடுத்தாகிவிட்டது.

மீறினால் கல்லூரி நீதிமன்றத்துக்குப் போவது வழக்கமில்லை. இடம் போகும், பள்ளியின் பெயர் கெடும், அடுத்த ஆண்டு அதே பள்ளியிலிருந்து வருபவர்களைச் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். ஆகவே “ஒப்பந்தம்” மிகை, “உறுதிமொழி” சரி. என் பரிந்துரை: உறுதிமொழிச் சுற்று 1, உறுதிமொழிச் சுற்று 2.

கையேட்டுக்கு ஒரு குறிப்பு: தமிழ்நாட்டில் ஆலோசகர் இல்லாத பள்ளிகளில் முதல்வரோ வகுப்பாசிரியரோ ஒப்பமிடுவார். அதற்கான அழைப்பு அவருடைய மின்னஞ்சலுக்குப் போகும். ஸ்பேம் பெட்டியில் கிடந்தால் யாருக்கும் தெரியாது. 2024இல் தீபாவளி அக்டோபர் 31, கடைசி நாள் மறுநாள். பள்ளி பூட்டிக் கிடக்கும் வாரத்தில் கையெழுத்துக்கு எங்கே போவது? செப்டம்பரிலேயே சொல்லிவைக்க வேண்டும்.

மறு:

உறுதிமொழிச் சுற்றுக்கு என் வாக்கு. ஆனால் “சேர்ந்தே தீர வேண்டும்” என்று மட்டும் அச்சிட்டால் பெற்றோர் பயந்துவிடுவார்கள். கல்லூரி தரும் உதவித்தொகை போதவில்லை என்றால் உறுதிமொழியிலிருந்து விலகலாம். அதற்கு “விடுவிப்பு” போதும். முதலில் கூடுதல் ஆவணங்களைக் கொடுத்து மறுபரிசீலனை கேட்க வேண்டும். அப்படியும் கட்டுப்படியாகாவிட்டால் விடுவிப்பு.

இதில் ஏமாற்றம் வரும் இடம் நெட் பிரைஸ் கால்குலேட்டர், அதாவது உதவித்தொகை போக நாம் எவ்வளவு கட்ட வேண்டியிருக்கும் என்று கணக்கிட்டுக் காட்டும் கருவி. “நிகரச் செலவுக் கணிப்பான்” என்று போடலாம். ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் இருக்கும். பெரும்பாலும் அமெரிக்கக் குடும்பங்களுக்காகச் செய்தது. சொந்தத் தொழில் வருமானமோ பிரிந்து வாழும் பெற்றோரோ இருந்தால் கணக்குத் தவறும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிப்பவர் அந்தத் தொகையை நம்பிக் கையெழுத்துப் போடவே கூடாது. பல கல்லூரிகளில் வெளிநாட்டு மாணவர் உதவி கேட்பதே தெரிவில் எடை போடப்படும். டார்ட்மத், ஆம்ஹர்ஸ்ட், போடன் மூன்றும் அப்படிப் பார்ப்பதில்லை.

இன்னொன்று: இந்தச் சுற்றில் வாய்ப்பு அதிகம் என்று கையேடு மொட்டையாகச் சொல்கிறது. 2024இல் சேர்வதற்காக இந்தச் சுற்றில் விண்ணப்பித்தவர்களில் சுமார் 14 விழுக்காட்டினரைப் பிரவுன் எடுத்தது. மொத்தத்தில் சுமார் 5 விழுக்காடு. உண்மைதான். ஆனால் பயிற்சியாளர்கள் முன்பே பேசிவைத்த விளையாட்டு வீரர்களும் அந்த 14இல் அடக்கம்.

மறு:

முதல் மடல் எழுதியவன். “கட்டுறு”வைத் திரும்பப் பெறுகிறேன். இதுவரை வந்தவை:

எர்லி டிசிஷன் – உறுதிமொழிச் சுற்று. எர்லி ஆக்‌ஷன் – கட்டற்ற முன்சுற்று (இங்கே “முன்” வேண்டும்). ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஸ்டான்ஃபோர்டு நடத்தும் ரெஸ்டிரிக்டிவ் எர்லி ஆக்‌ஷன் (சேரும் கட்டாயம் இல்லை, ஆனால் முன்கூட்டி விண்ணப்பிப்பதற்குக் கட்டுப்பாடு உண்டு) – ஓரிட முன்சுற்று. “ஒற்றைத் தேர்வு” வேண்டாம், ஒரே பரீட்சை என்று படிப்பார்கள். “ஓரிடம்” என்றாலும் அடிக்குறிப்பு தேவை: யேலுக்குப் போட்டவர் அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கும் உறுதிமொழி இல்லாமல் விண்ணப்பிக்கலாம்.

நிற்பது “டெஃபர்” மட்டும். டிசம்பரில் ஏற்காமலும் மறுக்காமலும் பொதுச்சுற்றுக்குத் தள்ளிவிடுவது. “ஒத்திவைப்பு” என்றால், இடம் கிடைத்தபின் ஓராண்டு கழித்துச் சேர்வதற்கும் அதே சொல் வந்து மோதும். “காத்திருப்பு” வெயிட்லிஸ்டுக்குப் போய்விட்டது.

மறு:

“சுற்றுமாற்றம்”. கூடவே ஒரு வரி சேருங்கள்: சுற்றுமாற்றம் ஆன அன்றே உறுதிமொழி காலாவதி, விரும்பினால் வேறு கல்லூரியின் உறுதிமொழிச் சுற்று 2க்குப் போகலாம். கலந்தாய்வுப் பழக்கத்தில், அதே கல்லூரியின் இரண்டாம் சுற்று தானாக வரும் என்று காத்திருந்து ஜனவரி 1ஐ விட்டுவிடுவார்கள்.