லாக்கர் அடித்த கிட்டார் பால் மாதிரி வெளுத்துவிட்டது, எல்லாவற்றையும் சுரண்டணுமா?

சாரல்மாடி:
வணக்கம். செங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். ஏழு மாதமாக மொட்டை மாடி அறையில் ஒரு எலக்ட்ரிக் கிட்டார் செய்துகொண்டிருக்கிறேன். ஃபெண்டர் கம்பெனியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வடிவம், ஆனால் டிரெமோலோ (கம்பிகளின் சுருதியை ஆட்டுகிற ஸ்பிரிங் அமைப்பு) கிடையாது, ஹார்ட்டெயில் பிரிட்ஜ், அதாவது கம்பிகளைத் தாங்குகிற தகடு அசையாது. நெக் செய்யும் தைரியம் வரவில்லை, அதனால் 648 மி.மீ. ஸ்கேலில் (அதிர்கிற கம்பியின் நீளம்) மேப்பிள் நெக் ஒன்றை ரெடிமேடாக வாங்கிவிட்டேன். பாடி மட்டும் என் கைவேலை. புனலூர் பக்கத்து மில்லில் வாங்கிய மகோகனிப் பலகை, இரண்டு துண்டை ஒட்டி 45 மி.மீ. கனத்துக்கு இழைத்தது. ரவுட்டர் ஓட்டும்போது கீழ்க் கொம்பில் ஒரு சில்லு பெயர்ந்து போனது, அதை ஒட்டிச் சமாளித்த கதை தனி.

இப்போது பிரச்சினை என்னவென்றால், கிரெயின் ஃபில்லர், சீலர் எல்லாம் முடித்து ஆனி மாதம் வெயில் அடித்த ஒரு நாளில் கிளியர் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கர் இரண்டு கோட் அடித்தேன், கண்ணாடி மாதிரி வந்தது. போன ஞாயிறு மூன்றாவது கோட். காலையிலிருந்தே சாரல், சரி அறைக்குள் தானே அடிக்கிறோம் என்று அடித்துவிட்டு டீ குடித்து வருவதற்குள் பின்பக்கம் முழுக்கக் கண்புரை விழுந்த மாதிரி வெள்ளை. முன்பக்கத்தில் திட்டுத் திட்டாக. தெரு ஆசாரியிடம் காட்டினேன், மரம் தெரிகிற வரைக்கும் தேய்த்து எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பி என்கிறார். ஏழு மாதம் ஐயா! வேறு வழி இருக்கிறதா?

பட்டறை அண்ணாச்சி:
தம்பி, உப்புத்தாளைக் கீழே வையுங்கள். சுரண்ட வேண்டாம். தென்காசியில் இருபது வருஷமாகக் காருக்குப் பெயிண்ட் அடிக்கிறேன், குற்றாலத்தில் சீசன் தொடங்கினால் எங்களுக்கு இந்த வியாதியும் தொடங்கிவிடும். பிளஷ் என்போம்.

நடப்பது இதுதான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது அந்த இடம் சில்லென்று ஆகிறது, கையில் ஸ்பிரிட் தடவினால் குளிருமே, அதே கதை. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் ஏற்கனவே தண்ணீர் நிறைய, அது குளிர்ந்த பரப்பில் பனி மாதிரிப் படிந்து, காய்ந்துகொண்டிருக்கும் லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. அறைக்குள் அடித்தால் மழைத்துளி விழாது, அவ்வளவுதான், காற்று அதே காற்றுதானே.

பெயிண்ட் கடையில் ரிட்டார்டர் தின்னர் என்று கேளுங்கள், மெதுவாக ஆவியாகிற சரக்கு. வெயில் வந்த ஒரு நாள், பதினொரு மணிக்கு மேல் மூன்று மணிக்குள், சாதாரண தின்னரில் கொஞ்சம் ரிட்டார்டர் கலந்து லாக்கரே இல்லாமல் அதை மட்டும் மெல்லிய புகை மாதிரி ஒரு தடவை அடியுங்கள். என்.சி. லாக்கர் காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் இளகிவிடும், அதுதான் அதில் நமக்கு வசதி. இளகினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே வந்துவிடும், வெள்ளையும் போய்விடும். ஒரேயடியாக நனைத்தால் வழிந்து தொங்கும், ஜாக்கிரதை. இனி அடிக்கிற கோட்டுக்கும் தின்னரில் ஐந்து முதல் பத்து சதவீதம் ரிட்டார்டர் போதும், அதிகம் போட்டால் நாட்கணக்கில் காயாமல் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

இன்னொன்று, கம்ப்ரசர் டாங்கிக்கு அடியில் இருக்கிற திருகைத் திறந்து பாருங்கள். இந்த மாதத்தில் அரை டம்ளர் தண்ணீராவது வரும். அதுவும் ஸ்பிரே கன் வழியாகக் கிட்டாருக்குத்தான் போகிறது.

கோட்டைவாசல்:
நான் எதிர்க்கட்சி. 2026லும் என்.சி. லாக்கரைக் கட்டி அழுவது எதற்கு? டூ-கே பி.யூ. (இரண்டு பாகமாக வருகிற பாலியூரிதேன்) அடியுங்கள், ஹார்டனர் கலந்தால் இரண்டு நாளில் கல் மாதிரி ஆகிவிடும், பிளஷ் தொல்லையே இல்லை. பழைய ஃபெண்டர் கிட்டாரில் நைட்ரோ இருந்தது என்பதற்காக நாமும் அதையே பிடித்துக்கொண்டு, அது சுருங்கி, வெடித்து, மஞ்சளாகி, அதற்கு "விண்டேஜ்" என்று பெயர் வைத்து ரசிக்க வேண்டுமா? லியோ ஃபெண்டருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது, ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கையில் கிடைத்ததை வைத்து வேலையை முடிக்கப் பார்த்த ஆள்.

பட்டறை அண்ணாச்சி:
கோட்டைவாசல், பி.யூ. நல்லதுதான், நானும் தினம் அடிக்கிறேன். ஆனால் அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். அது ஈரத்தோடு சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு வரும், கோட்டுக்குள் பொடிப்பொடியாகக் குமிழி விடும். மழைக்காலத்தில் அதற்கும் தனிப் பாடு உண்டு. அதைவிட முக்கியம் மூச்சு. ஆஸ்துமா பிடித்துப் பட்டறையை விட்டே போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பி.யூ. அடிக்கிற தனி அறையும் வெளிக்காற்று மாஸ்க்கும் இல்லாத வீட்டு மாடியில் முதல் கிட்டார் செய்கிறவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனசு வராது. மேலும் அவர் ஏற்கனவே என்.சி. அடித்தாயிற்று, அதன் மேல் பி.யூ. போட்டால் பின்னால் உரிந்து வரலாம்.

தம்பி, என்.சி.க்கும் துணி மாஸ்க் போதாது, ஆவியைத் தடுக்கிற கேட்ரிட்ஜ் மாஸ்க் வேண்டும். மாடி அறைக்குப் பக்கத்தில் பூஜை விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது. பருத்தியை நைட்ரிக் அமிலத்தில் போட்டு எடுக்கிற சரக்கு அது, பற்றினால் விளையாட்டில்லை.

பலாக்கட்டை:
மார்த்தாண்டத்துக்காரன். எல்லாரும் மேலே பூசுவதைப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்குச் சந்தேகம் அடியில் இருக்கிற மரத்தின் மேல். பலகை எவ்வளவு நாள் காய்ந்தது என்று மில்லில் கேட்டீர்களா? ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. நம் எல்லையில் ரோட்டோர மகோகனி போன மாதம் அறுத்து இந்த மாதம் விற்பனைக்கு வந்துவிடும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும்.

வெட்டிப்போட்ட துண்டு ஏதாவது மிச்சம் இருந்தால் எடை போடுங்கள். கேக் சுடும் ஓவனில் 100 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே வைத்து, எடை மேலும் குறையாத வரைக்கும் காய வைத்து மறுபடி எடை போடுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுத்தால் ஈரத்தின் அளவு கிடைக்கும். 15 சதவீதத்துக்குள் இருந்தால் இந்த மாதத்துக்கு அது இயல்பு. 20க்கு மேலே போனால் லாக்கர் வேலையை நிறுத்திவிட்டு மரத்தைக் காய விடுங்கள், இல்லையென்றால் மாசி, பங்குனியில் குறுக்கே சுருங்கி நடு ஒட்டில் கோடு தெரியும்.

தஞ்சாவூர் வீணைக்குப் பலா எடுக்கிறவர்களும் கட்டை நன்றாக ஆறிய பிறகுதான் உளியை வைப்பார்கள். குவீன் இசைக்குழுவின் கிட்டார்காரர் பிரையன் மே 1963ல் அப்பாவோடு சேர்ந்து வீட்டில் ஒரு கிட்டார் செய்யத் தொடங்கினார் இல்லையா, அதன் நெக் ஒரு பழைய கணப்படுப்பின் மகோகனிச் சட்டம். பூச்சி அரித்த ஓட்டைகளில் தீக்குச்சியைச் செருகி அடைத்திருக்கிறார். ஓட்டை இருந்தால் என்ன, நூறு வருஷத்துக்கு மேல் காய்ந்த மரம், இன்றைக்கும் அதைத்தான் வாசிக்கிறார்.

எர்த்கம்பி:
லாக்கர் சண்டைக்கு நான் வரவில்லை. சாரல்மாடி, ஒரு கேள்வி. ஹார்ட்டெயில் என்கிறீர்கள், பிரிட்ஜுக்கு அடியிலிருந்து கன்ட்ரோல் குழிக்கு (வால்யூம், டோன் திருகிகள் இருக்கிற குழி) எர்த் கம்பி போகச் சாய்வாக ஒரு துளை போட்டீர்களா? டிரெமோலோ இருந்தால் பின்பக்க ஸ்பிரிங் கொக்கியில் கம்பியைப் பற்றவைத்துவிடலாம், உங்களுக்கு அந்த வழி இல்லை. துளையை மறந்தவர்கள் எல்லாவற்றையும் பூட்டி ஆம்ப்பில் சொருகிய பிறகுதான் "ஙொய்" என்ற சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள். நானும் அப்படித்தான்.

பிரிட்ஜ் இடத்தையும் டெம்ப்ளேட்டை நம்பிக் குறிக்காதீர்கள். நெக்கைப் பூட்டி, நட்டிலிருந்து (நெக்கின் தலைப்பக்கம் கம்பிகள் உட்காருகிற சின்னக் கட்டை) 12வது ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) வரை அளந்து (324 மி.மீ. அருகில் வரும்), அதே அளவை அங்கிருந்து பிரிட்ஜ் பக்கம் வையுங்கள். மெல்லிய முதல் கம்பியின் சேடில் (பிரிட்ஜில் அந்தக் கம்பியைத் தாங்குகிற துண்டு) அங்கே வர வேண்டும், அதுவும் திருகு கிட்டத்தட்ட முழுக்க முன்னால் வந்த நிலையில். தடித்த கம்பிகளுக்குச் சேடில் பின்னால் போக இடம் வேண்டும்.

சாரல்மாடி:
பதினைந்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், வெயிலுக்காகக் காத்திருந்தேன். நேற்று வந்தது, இரண்டு மணி நேரம்.

அண்ணாச்சி சொன்னபடி ரிட்டார்டர் கலந்து அடித்தேன். கண் முன்னாலேயே வெள்ளை கரைந்து மரம் தெரிந்தபோது கீழே ஓடிப்போய் அம்மாவைக் கூட்டிவந்து காட்டினேன், அவளுக்கு எதுவும் புரியவில்லை. கீழ்க் கொம்பில், அந்தச் சில்லு ஒட்டிய இடத்தில் மட்டும் இன்னும் லேசாக மங்கல் இருக்கிறது. கம்ப்ரசரிலிருந்து வந்த தண்ணீரை அளக்கவில்லை, ஆனால் அரை டம்ளருக்குக் குறையாது.

மரத்துண்டு 212 கிராம் இருந்தது, ஓவனுக்குப் பிறகு 186. கணக்குப் போட்டால் 14 சதவீதம், தப்பித்தேன் பலாக்கட்டை அண்ணே. (ஓவனில் வந்த வாசனைக்கு வாங்கிய திட்டு தனி.)

எர்த் துளை போடவில்லை. சத்தியமாக மறந்தே போயிருந்தேன். இனிமேல் போட்டால் விளிம்பில் லாக்கர் பெயருமா?

எர்த்கம்பி:
பிரிட்ஜ் தகடு மறைத்துவிடும், பயப்பட வேண்டாம். முதலில் பிரிட்ஜ் இடத்தைக் குறியுங்கள், பிறகு அந்த இடத்தில் டேப் ஒட்டி 3 மி.மீ. கனமுள்ள நீளமான டிரில் பிட்டால் மெதுவாகத் துளை போடுங்கள். எந்தப் பக்கம் வெளியே வரும் என்று குழிக்குள் விரல் வைத்துப் பார்க்காதீர்கள்.

பட்டறை அண்ணாச்சி:
கொம்பில் மிச்சம் இருக்கிற மங்கலுக்கு அடுத்த வெயிலில் இன்னொரு புகை போதும். கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று, நான்கு வாரம் தொடாதீர்கள், மோந்து பார்த்தால் தின்னர் வாசனை வரவே கூடாது. அதற்கப்புறம்தான் 1000, 1500, 2000 நம்பர் என்று தண்ணீர் தொட்டுத் தேய்க்கிற உப்புத்தாள். அதற்கு முன்னால் திருகுத் துளைகளில் மெழுகுவத்தியைத் தேய்த்து அடைத்துவிடுங்கள், தண்ணீர் உள்ளே இறங்கினால் மரம் ஊதி ஓட்டையைச் சுற்றி லாக்கர் வெடிக்கும்.