முதுகில் நூல் உள்ள கெண்டை, நூல் இல்லாத கெண்டை: இரண்டும் ஒரே இனமா?

தோட்டுக்கரையான்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வீடு குலசேகரம் பக்கம். எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கீழே ஓடும் தோட்டில் (சிற்றோடையில்) கெண்டை நிறைய உண்டு. வால் தொடங்கும் இடத்தில் கறுப்புப் பொட்டு இருக்குமே, அதுதான். சின்ன வயதில் தோர்த்துத் துண்டு விரித்துப் பிடிப்போம்.

அம்மா வீடு நெய்யாற்றின்கரை. போன மாதம் மாமா நெய்யாற்றில் பிடித்து வந்ததும் அதே பொட்டு வைத்த கெண்டைதான். ஆனால் சிலதுக்கு முதுகுச் செட்டையிலிருந்து நூல் நூலாக நீண்டு கிடக்கிறது. எங்கள் தோட்டில் அப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. இன்னொன்று, பேச்சிப்பாறை அணையில் வலைபோட்டுப் பிடிக்கிற கெண்டை, தோட்டு மீனைவிட உடம்பு அகலமாக இருக்கிறது. தண்ணீரும் தீனியும் மாறினால் உருவம் இப்படி மாறுமா? இல்லை, இனமே வேறா?

மீன்தொட்டிக் கடை, மார்த்தாண்டம்:
நூல் ஆணுக்குத்தான் வரும் தம்பி. பெட்டைக்கும் குஞ்சுக்கும் வராது. நீங்கள் பார்த்ததெல்லாம் பெட்டையாக இருக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார், திருவட்டார்:
கடைக்காரத் தம்பி சொன்னது நெய்யாற்றுக் கெண்டைக்குச் சரி. குலசேகரத்துக் கெண்டைக்கு அது பொருந்தாது.

அந்தத் தோட்டு மீன்களைத் தண்ணீரோடு வெள்ளைப் பேசினில் விட்டுப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்து ஆணின் மூக்கைச் சுற்றி வெள்ளையாகப் பொரிப்பொரியாக இருக்கும், விரலால் தடவினால் சொரசொரக்கும். அப்படி முற்றிய ஆணுக்கும் முதுகில் நூல் இல்லையென்றால் அது வேறு இனம். 2010-ல் நம் கன்னியாகுமரி மாவட்டத்து மீன்களை வைத்தே இதைத் தனி இனமாக விவரித்தார்கள். இலங்கை மீனியல் அறிஞர் ரோஹன் பெத்தியகொடவின் நினைவாக 'ரோஹானி' என்று பெயர். நெய்யாற்று மீன் 'ஃபிலமென்டோசா'. இரண்டும் இப்போது 'டாக்கின்சியா' என்ற ஒரே பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களின் கூட்டத்தில், இருக்கின்றன. 2012-ல் பரிணாம அறிஞர் ரிச்சர்ட் டாக்கின்ஸின் பெயரை ஒட்டி வைத்தது அது. நாம் புளி விட்டுக் குழம்பு வைக்கிற மீனுக்கு இப்படியொரு வரலாறு இருப்பது நம் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாமா? எனக்கு இதில் பெரிய ஆதங்கம் உண்டு.

குஞ்சைப் பார்த்து மட்டும் இனத்தை முடிவு செய்ய வேண்டாம். ஃபிலமென்டோசாவின் குஞ்சுக்கு உடம்பில் கறுப்புப் பட்டைகள் இருக்கும். வளர வளர அவை மறைந்து வால்பக்கப் பொட்டு மட்டும் மிஞ்சும்.

இனம் ஏன் பிரிகிறது என்றால், ஆற்று மீனால் மலைமுகட்டைத் தாண்ட முடியாது. ஓர் ஆற்றின் மீன் பக்கத்து ஆற்று மீனோடு சேராமல் தலைமுறை தலைமுறையாகக் கிடந்தால் சின்னச் சின்ன மாற்றங்கள் சேர்ந்துகொண்டே போகும். நம் ஊரில் இதிலும் ஒரு சிக்கல். பாண்டியன் கால் என்ற கால்வாயை வெட்டிப் பரளியாற்றுத் தண்ணீரை நாஞ்சில் நாட்டுக்குக் கொண்டுபோய்ப் பழையாற்றோடு சேர்த்தது பழங்காலத்திலேயே நடந்துவிட்டது. தண்ணீர் போன வழியில் மீனும் போயிருக்கும்.

தோட்டுக்கரையான்:
ரொம்ப நன்றி சார். அப்போ அணைக்கெண்டை அகலமாக இருப்பதும் வேறு இனம் என்பதாலா?

ஓய்வுபெற்ற வாத்தியார், திருவட்டார்:
அது அப்படி இருக்க வேண்டியதில்லை மக்களே. ஓட்டமுள்ள தண்ணீரில் ஒடுங்கிய உடம்பு நீந்த வசதி. கெட்டிக்கிடக்கிற தண்ணீரில் அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்காவில் ஓடையில் வாழும் ஒரு சிறு மீனை அணைகளில் அகப்பட்ட அதே இனத்தோடு ஒப்பிட்டார்கள். அணை மீனுக்கு உடம்பு அகன்றும் தலை சிறுத்தும் இருந்தன.

ஆனால் அந்த மாற்றம் வளர்ந்த இடத்தால் வந்ததா, பிறப்பிலேயே வருவதா என்பது பார்வைக்குத் தெரியாது. இரண்டு இடத்து மீனின் குஞ்சுகளையும் ஒரே மாதிரித் தொட்டியில், ஒரே தீனி போட்டு வளர்க்க வேண்டும். வளர்ந்த பிறகும் வித்தியாசம் நின்றால் அது பரம்பரையாக வருவது. மறைந்துவிட்டால் தண்ணீர் செய்த வேலை.

பேச்சிப்பாறை அணை 1906-ல் முடிந்தது. பரம்பரை மாற்றத்துக்கு நூறு ஆண்டு போதுமா என்றால், போதும். கொசுப்புழு தின்ன விடுகிறார்களே, அந்தக் கப்பி மீனை 1976-ல் ஜான் எண்ட்லர் டிரினிடாட் தீவில், தின்னி மீன்கள் மிகுந்த இடத்திலிருந்து எடுத்து, ஆபத்துக் குறைந்த மேலோடையில் விட்டார். இரண்டே ஆண்டில் ஆண் மீன்களின் நிறப்புள்ளிகள் பெருத்துப் பளிச்சென்று ஆகியிருந்தன. ஆபத்து இருந்தவரை பளபளப்பான ஆண்தான் முதலில் இரையாகும். அது விலகியதும் பெட்டைக்குப் பிடித்த ஆண் ஜெயித்தது.

மீன்தொட்டிக் கடை, மார்த்தாண்டம்:
அந்தத் தொட்டிச் சோதனைக்கு என்னிடம் இரண்டு காலித் தொட்டி இருக்கிறது, எடுத்துக்கொள்ளலாம். சார், பாபநாசம் பக்கத்துக் கெண்டை கேட்டும் ஆள் வருகிறார்கள். அதையும் சேர்த்து வளர்க்கலாமா?

ஓய்வுபெற்ற வாத்தியார், திருவட்டார்:
வேண்டாம் தம்பி. அது கிழக்கே ஓடும் தாமிரபரணியின் தனி இனம், 1954-லேயே விவரித்தது. நெருங்கிய இனங்கள் கலந்து குஞ்சு பொரிக்க வாய்ப்பு உண்டு. தொட்டி கழுவும்போது நாலு குஞ்சு சானலில் விழுந்தாலும் திரும்பப் பிரிக்க முடியாது. தோட்டு மீனும் அணை மீனும் மட்டும் போதும். பிடித்த இடம், தேதி எழுதி, பக்கவாட்டில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து இங்கேயே போடுங்கள்.