டர்போ பொருத்திய 1.6 எம்எக்ஸ்-5: பின் டிஃப்ரன்ஷியலைக் குறைந்த செலவில் வலுப்படுத்துவது எப்படி?

இரவுப்பயணி:

வணக்கம். என்னிடம் இருப்பது 1991-ஆம் ஆண்டு மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர் எஞ்சின், ஐந்து கியர். சென்ற ஆண்டு சிறிய டர்போ ஒன்றைப் பொருத்தியதில் முறுக்குவிசை இப்போது சுமார் 230 நியூட்டன் மீட்டர் வருகிறது. ஒரு மாதமாக, முதல் கியரில் கிளட்சை விடும்போதெல்லாம் பின்பக்கத்தில் ‘டொக்’ என்று ஓர் அடி கேட்கிறது. டிஃப்ரன்ஷியலின் (எஞ்சின் விசையைப் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) ஆயிலை வடித்துத் தட்டில் காந்தத்தை இழுத்துப் பார்த்தேன். வழக்கமான சாம்பல் நிறப் பசையோடு தீக்குச்சித் தலையில் பாதி அளவுள்ள சில்லுகள் இரண்டு ஒட்டிக்கொண்டு வந்தன.

உள்ளே இருக்கும் ஸ்டார் கியர்களை (திருப்பத்தில் இரு சக்கரங்களும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம்தரும் சிறு பற்சக்கரங்கள்) வெல்டிங் செய்துவிடலாம் என்கிறார் ஒருவர். இதே ஹவுசிங்குக்குள் புதிய லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் வகை) வாங்கிப் போடலாம் என்கிறார் இன்னொருவர். 1.8 வண்டியின் டிஃப்ரன்ஷியலை மாற்றுவது மூன்றாவது வழி. மூன்றில் ஒன்றுக்குத்தான் என்னிடம் பணம் இருக்கிறது. வண்டியை அன்றாடம் சாலையிலும், எப்போதாவது டிராக்கிலும் ஓட்டுகிறேன்.

கிரீஸ்கை:

முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் முதல் கியர் விகிதம் 3.136, டிஃப்ரன்ஷியல் விகிதம் 4.3. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது சுமார் 135 நியூட்டன் மீட்டராக இருந்த விசை, பின் ஆக்சிலை அடையும்போது ஏறத்தாழ 1,800 ஆகியிருக்கும். இப்போதைய 230, அதே வழியில் 3,100 ஆகிறது. இது சீராக ஏறும் விசைக்கான கணக்கு மட்டுமே. கிளட்சைச் சட்டென்று விடும்போதும், வழுக்கிய சக்கரம் திடீரென்று பிடிகொள்ளும்போதும் விழும் அடி இதைவிடப் பெரியது. பற்களை உடைப்பது பெரும்பாலும் அந்த அடிதான்.

1993 வரை வந்த 1.6 வண்டிகளில் டிஃப்ரன்ஷியலின் பெரிய பற்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம் சுமார் 6 அங்குலம், 1994-இல் 1.8 எஞ்சினோடு வந்தது 7 அங்குலம். ஓர் அங்குலம்தானே என்று தோன்றும். ஆனால் விட்டம் கூடும்போது பற்களின் அகலமும், அதைச் சுழற்றும் சிறிய பற்சக்கரமான பினியனின் தடிமனும், ஸ்டார் கியர்களின் அளவும், பேரிங்குகளும் சேர்ந்தே கூடுகின்றன. அதனால்தான் சிறிய ஹவுசிங்குக்குள் விலை உயர்ந்த லிமிடெட் ஸ்லிப்பைப் போடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அது ஸ்டார் கியர்களின் சிக்கலைத் தீர்க்கும். கிரவுனும் பினியனும் அதே சிறிய பற்களோடுதான் இருக்கும். பலவீனத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்தப் பணம் கொடுத்ததாக ஆகிவிடும்.

ஆகவே 1.8-இன் டிஃப்ரன்ஷியலை முழுதாக எடுத்துப் போடுங்கள். அதோடு 1.8-இன் இரண்டு பக்க ஆக்சில்களும், கியர்பாக்ஸிலிருந்து டிஃப்ரன்ஷியலுக்கு விசையைக் கொண்டுவரும் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டும் சேர்ந்து வர வேண்டும். மூன்றையும் ஒரே வண்டியிலிருந்து கேட்டு வாங்குவதே மலிவு. ஆக்சில்களின் வெளிமுனை உங்கள் ஹப்பில் அப்படியே பொருந்தும். சப்ஃப்ரேமை வெட்டவோ ஒட்டவோ வேண்டியதில்லை.

ஒரு பக்கவிளைவையும் சொல்லிவிடுகிறேன். 1994 முதல் 1997 வரையிலான 1.8-க்கு விகிதம் 4.1. உங்கள் ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால், உண்மையில் 100 கிலோமீட்டரில் போகும்போது முள் 95-ஐத்தான் காட்டும். டர்போ வண்டிக்கு 4.1 நல்லதே, ஆனால் முள்ளை நம்பி ஓட்டாதீர்கள்.

மூன்றாம்கியர்:

வெல்டிங்கைப் பற்றி நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் அதைச் செய்தவன். டிராக்கில் மட்டும் ஓடிய வண்டியில் இரண்டு பருவம் அது குறையில்லாமல் உழைத்தது. மூன்றாவதில், கடினப்படுத்திய எஃகில் போட்ட தையல் விரிசல் விட்டு, உடைந்த துண்டு கிரவுன் வீலுக்கும் ஹவுசிங்குக்கும் நடுவே போய்ச் சிக்கியது. அன்றாடம் சாலையில் ஓடும் வண்டியில், ஒவ்வொரு திருப்பத்திலும் உள் சக்கரம் தேய்ந்துகொண்டே சுற்றும். ஈரச் சாலையில் வால் எப்போது வீசும் என்று கணிக்க முடியாது. உங்கள் பயன்பாட்டுக்கு அது வேண்டாம்.

இரவுப்பயணி:

இருவருக்கும் நன்றி. டோர்சன் (பற்சக்கரங்களாலேயே இயங்கும் லிமிடெட் ஸ்லிப் வகை) என்று சொல்லி 1.8 டிஃப்ரன்ஷியல் ஒன்றை ஒருவர் விற்கிறார். கையால் சுற்றிப் பார்த்தேன். ஒரு பக்கத்தைச் சுற்றினால் மறுபக்கம் எதிர்த்திசையில் திரும்புகிறது. அப்படியானால் அவர் சொல்வது பொய்தானே? விகிதத்தை எப்படி உறுதி செய்வது? கிரவுனும் பினியனும் தேய்ந்திருந்தால் மாற்றிக்கொள்ளலாமா?

கிரீஸ்கை:

பொய் என்று அதற்குள் முடிவு கட்டாதீர்கள். அந்தச் சோதனை கிளட்ச் தட்டுகள் உள்ள வகைக்குத்தான் செல்லும். டோர்சன், எதிர்ப்பு இல்லாமல் கையால் சுற்றும்போது சாதாரண டிஃப்ரன்ஷியலைப் போலவே நடந்துகொள்ளலாம். ஆக்சில் முனையை உருவிவிட்டு விளக்கடித்துப் பாருங்கள்: நடுவே குறுக்காக ஒரு பின் ஓடி, அதில் ஸ்டார் கியர்கள் கோத்திருந்தால் அது சாதாரணமானது.

விகிதத்துக்கு, பினியன் ஃபிளேஞ்சில் (ப்ரொபெல்லர் ஷாஃப்ட் வந்து இணையும் தட்டு) சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, ஒரு பக்க ஆக்சிலை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, மறுபக்கத்தை இருபது சுற்றுச் சுற்றுங்கள். ஃபிளேஞ்ச் 41 முறை சுற்றினால் 4.1, 43 முறை என்றால் 4.3. இரண்டே சுற்றில் கணக்கெடுத்தால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது.

கிரவுனையும் பினியனையும் தனித்தனியே மாற்றக் கூடாது. தொழிற்சாலையிலேயே ஒன்றோடொன்று தேய்த்து இணை சேர்த்தவை அவை. பற்களுக்கிடையே விடும் இடைவெளியான பேக்லாஷ் 0.1 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்க வேண்டும். டயல் கேஜும், பற்களில் பூசிப் பதிவு பார்க்கும் சாயமும் இல்லாத பட்டறையில் அந்த வேலையைக் கொடுத்தால், நல்ல உறுப்பும் ஊளையிடத் தொடங்கும். எனக்கு அப்படி நேர்ந்திருக்கிறது: பினியன் நட்டைக் கழற்றியவர், நசுங்கிப் பொருந்தும் பழைய ஸ்லீவையே திரும்பப் போட்டு முறுக்கியிருந்தார்; பேரிங்கில் இறுக்கம் நிற்கவில்லை. அதனால்தான், திறக்கப்படாத முழு யூனிட்டாக வாங்குங்கள் என்கிறேன். மிஞ்சும் பணத்தில் புதிய ஆயில் சீல்களும், ஜிஎல்-5 தர கியர் ஆயிலும் வாங்கிவிடுங்கள். நிரப்பும் துளையில் வழியும்வரை ஊற்றினால் போதும்.

மூன்றாம்கியர்:

பழையதைக் கழற்றும் முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். கியர்பாக்ஸையும் டிஃப்ரன்ஷியலையும் இணைக்கும் நீண்ட அலுமினிய உத்தரத்தின் போல்ட்கள் தளர்ந்திருந்தாலும், டிஃப்ரன்ஷியலைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் கிழிந்திருந்தாலும் இதே ‘டொக்’ கேட்கும். உங்கள் சில்லுகளுக்கு அது காரணமல்ல; ஆனால் புஷ் கிழிந்த வண்டியில் புதிய யூனிட்டும் ஒவ்வொரு அடிக்கும் துள்ளும். மறுபடி பொருத்தும்போது அந்த உத்தரத்தின் உயரத்தைப் பட்டறைக் கையேட்டில் சொன்னபடி அளந்த பிறகே போல்ட்களை இறுக்குங்கள். இல்லையென்றால் ப்ரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, வண்டி அதிரும்.

இரவுப்பயணி:

விளக்கடித்துப் பார்த்தேன், குறுக்குப் பின் இல்லை. இருபது சுற்றுக்கு 41. முன்பணம் கொடுத்துவிட்டேன். என் பழையதைத் திறந்ததில், ஸ்டார் கியர் ஒன்றில் அடுத்தடுத்த இரண்டு பற்களின் முனை பெயர்ந்திருக்கிறது. இடப்பக்க ரப்பர் புஷ்ஷும் பாதி கிழிந்திருந்தது. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.