புதுப்பிப்பு: தரம் 8 மகளும் தரவு அறிவியலும்

கார்த்திகையில் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன்: கல்லடியில் தரம் 8 படிக்கும் மகள் தரவு அறிவியல் பழக எங்கே தொடங்கலாம்? பலர் பைதான் என்ற கணினி மொழி என்றீர்கள். ஒரு அக்கா மட்டும், முதலில் பிள்ளை தானே எதையாவது அளக்கட்டும் என்றார். அதையே செய்தோம்.

மாரி காலம்தானே, மழையை எடுத்தோம். சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்து வைத்தால் மழைமானி. அடி வளைவாக இருந்ததால் முதல் 2 நாள் அளவும் பிழை. சிறு கற்கள் போட்டு, பூச்சியக் கோடு வரை தண்ணீர் விட்ட பிறகுதான் சரிவந்தது. தினமும் பாடசாலைக்குப் போகுமுன், 6.30க்குக் குறித்தாள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மட்டக்களப்பு அளவோடு சில நாட்கள் ஒத்துப்போகவில்லை. ஏன் என்று அவளே தேடினாள். அவர்கள் கணக்கு காலை 8.30 வரையான 24 மணித்தியாலம். இடையில் பெய்தது அவளுடைய கொப்பியில் மறுநாளுக்குப் போயிருக்கிறது! அன்று அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

இப்போது கோடாப் (CODAP) என்ற இலவசக் கருவியில் வரைபடம் போடுகிறாள். உலாவியிலேயே இயங்கும், கணினி நிரல் எழுதத் தேவையில்லை, அட்டவணையில் உள்ள நெடுவரிசையின் பெயரை இழுத்து வரைபடத்தின் அச்சில் விட்டால் போதும். ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் நான் பக்கத்தில் இருக்கிறேன். பைதான் பிறகு.

செங்கலடியில் மச்சாளும் போத்தல் வெட்டிவிட்டாள். ஆரையம்பதி, வாழைச்சேனைப் பக்கம் பிள்ளைகள் யாராவது சேருகிறார்களா? சொல்லுங்கள்.