கான்ஸ்டலேஷன் சுத்தம், பிட் எல்லாம் தப்பு: உதவி தேவை

அலைகுழப்பம்: ஓஎஃப்டிஎம் (தரவைச் சப்கேரியர் எனும் பல துணை அலைகளில் பிரித்து அனுப்பும் முறை) ரிசீவர் எழுதுகிறேன். அனுப்பும் ரேடியோவுக்கும் வாங்கும் ரேடியோவுக்கும் உள்ள அதிர்வெண் விலகலைத் திருத்தியதும், கான்ஸ்டலேஷனில் (வந்த சிக்னலைப் புள்ளிகளாகக் காட்டும் படம்) க்யூபிஎஸ்கே நாலு புள்ளியும், புள்ளிக்கு இரண்டு பிட், பளிச்சென்று வருகிறது. ஆனால் பிட்டில் பாதிக்குப் பாதி பிழை. சிமுலேஷனில் ஒன்றுகூட இல்லை. நாளைக்கு டெமோ!

நாலாம்பிட்: எந்த அலைவரிசை? சப்கேரியர் இடைவெளி? விலகலை எதை வைத்துக் கணக்கிடுகிறீர்கள்? இதெல்லாம் சொல்லாவிட்டால் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

சைன்தீட்டா: திருத்தத்தில் பிளஸ் மைனஸ் மாறியிருக்கும். எப்போதும் அதுதான்.

நாலாம்பிட்: மாறியிருந்தால் விலகல் இரட்டிப்பாகிப் புள்ளிகள் வட்டமாகச் சுழலும். இவருக்கு நிற்கிறதே.

பழையரேடியோ: ஓஎஃப்டிஎம் ஒத்திசைவு பற்றிய ஷ்மிடல், காக்ஸ் 1997 கட்டுரையைப் படித்துவிட்டு வாருங்கள். இரண்டாவது ட்ரெய்னிங் சிம்பல் (ரிசீவருக்கு முன்பே தெரிந்த சிக்னல்) எதற்கென்று அதிலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் நிரலை ஒட்டிவிட்டு அப்புறம்தான் கேள்வி.

அலைகுழப்பம்: 802.11ஏ வைஃபை, 5.8 கிகாஹெர்ட்ஸ் பக்கம். லாங் ட்ரெய்னிங் இரண்டையும் ஒப்பிட்டுக் கோணம் எடுக்கிறேன். ஷார்ட் ட்ரெய்னிங், பாக்கெட்டைக் கண்டுபிடிக்க மட்டும். பைலட் (டேட்டாவுக்கு நடுவே வரும் தெரிந்த சிக்னல்) இன்னும் தொடவில்லை. சிமுலேஷனில் விலகல் 50 கிலோஹெர்ட்ஸ்.

நாலாம்பிட்: அப்படிச் சொல்லுங்கள். லாங் 3.2 மைக்ரோ நொடிக்கு ஒருமுறை திரும்ப வருவதால் ±156.25 கிலோஹெர்ட்ஸ் வரைதான் அளக்கும். இரண்டு ரேடியோவின் ஆஸிலேட்டர் ஒவ்வொன்றும் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) வரை விலக அனுமதி உண்டு. எதிரெதிரே போனால் 5.8-இல் 232 கிலோஹெர்ட்ஸ். கோணம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டால் மிச்சம் நிற்பது 312.5, சரியாக ஒரு சப்கேரியர் இடைவெளி. 4 மைக்ரோ நொடி சிம்பலுக்கு 450 டிகிரி, அதாவது 90. க்யூபிஎஸ்கேயை 90 டிகிரி திருப்பினால் அதே நாலு புள்ளிதானே! +1, −26 சப்கேரியர்களைத் தனியாக வரைந்து பாருங்கள் (நகர்வு மறுபக்கம் என்றால் −1, +26). காலியாக விட்ட நடு, ஓர இடங்கள் அங்கே நகர்ந்து வருவதால் வெறும் இரைச்சல் சிதறிக் கிடக்கும்.

ஷார்ட் 0.8 மைக்ரோ நொடி, ±625 வரை தாங்கும். முதலில் அதில் தோராயமாகத் திருத்திவிட்டு, மீதியை லாங்கில் எடுங்கள்.

கேபிள்தாசன்: எதற்கு இவ்வளவு கணக்கு? இரண்டு ரேடியோவுக்கும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தைக் கேபிளில் கொடுங்கள்.

பழையரேடியோ: டேட்டாவையும் அந்தக் கேபிளிலேயே அனுப்பிவிடலாமே.

சைன்தீட்டா: கோளாறு எங்கே என்று பிரித்துப் பார்க்க அது நல்ல வழிதான் ஐயா.

பழையரேடியோ: பிரிப்பது வேறு, மூடி மறைப்பது வேறு.

கேபிள்தாசன்: ஆய்வகத்தில் எல்லாரும் செய்வதுதான். கட்டுரை மட்டும் படிப்பவர்களுக்குத் தெரியாது.

அலைகுழப்பம்: ஷார்ட்டில் 191 கிலோஹெர்ட்ஸ், லாங்கில் −121.5. −26 சிதறல்தான். இப்போது பிட் சரி. நன்றி, ஓடுகிறேன்.

கேபிள்தாசன்: கேபிள் போட்டுப் பார்த்தீர்களா?